குதிரை பிழைத்த கதை

1990களின் தொடக்கத்தில் திருவனந்தபுரம் தலைமைச் செயலக வளாகத்தில் நிற்கும் கார்களை அடையாளம் காண நம்பர் பலகை ஒன்றுதான் வழி. எல்லாம் வெள்ளை. எல்லாம் அம்பாசிடர். மந்திரிக்கும் அதுதான், துறைச் செயலருக்கும் அதுதான், தம்பானூர் ரயில் நிலைய வாசலில் சவாரிக்குக் காத்திருக்கும் டாக்சிக்காரருக்கும் கறுப்பு மஞ்சளில் அதுவேதான். இப்படிப்பட்ட ஊரில், கரமனைக்குப் பக்கத்தில், ஒரு ஒர்க்‌ஷாப்பின் தகரச் சுவரில் சிவப்பு நிற அமெரிக்கக் கார் ஒன்றின் படம் ஒட்டப்பட்டிருந்தது. ஃபோர்ட் மஸ்டாங், 1994 மாடல்.

ஒர்க்‌ஷாப்பின் சொந்தக்காரர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். கன்னியாகுமரி மாவட்டம் 1956இல் தமிழகத்தோடு இணைந்துவிட்டாலும் அங்குள்ளவர்களுக்குப் பிழைப்புக்கான பட்டணம் இன்னமும் திருவனந்தபுரம்தான். பதினாறு வயதில் பஸ் ஏறி வந்தவர், ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாகத் தொடங்கி, நாற்பது வயதில் நாலு பையன்களை வைத்து வேலை வாங்கும் ‘ஆசான்’ ஆகியிருந்தார். அவருடைய ராஜ்யம் அம்பாசிடர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவார் என்பது கரமனையில் பிரசித்தம். ஆனால் அவர் மனம் பூராவும், வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் பார்த்திராத ஒரு காரின் மேல். வாடிக்கையாளர் ஒருவரின் மகன் டெட்ராய்ட் பக்கம் வேலையில் இருந்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் ஆசானுக்காக அந்தக் காரின் விற்பனைக் கையேட்டைக் கொண்டுவந்து கொடுப்பான். மிச்சம், பாளையத்துப் பழைய புத்தகக் கடைகளில் கிடைத்த மோட்டார் பத்திரிகைகள். ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் படிப்பார். எண்களுக்கு மொழி தேவையில்லையே.

மஸ்டாங் என்றால் அமெரிக்கப் புல்வெளிகளில் திரியும் காட்டுக் குதிரை. கிழக்கே கோட்டையில், பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்தில், சுவாதித் திருநாள் கட்டிய குதிர மாளிகையின் இறவாரத்தில் 122 மரக் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. ஒர்க்‌ஷாப் பையன்கள் சுவரில் இருந்த படத்துக்கு ‘நூற்றி இருபத்து மூன்று’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இந்தக் காரின் பூர்வீகம் பலருக்கும் தெரிந்ததுதான். 1964 ஏப்ரல் 17, நியூயார்க் உலகக் கண்காட்சி. லீ ஐயகோக்கா தலைமையில் ஃபோர்ட் களமிறக்கிய வண்டி. ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் அடிச்சட்டத்தில், நீண்ட முகப்பும் குட்டையான பின்புறமுமாக ஒரு கவர்ச்சியான உடம்பைப் பொருத்தியிருந்தார்கள். விலை 2,368 டாலர். முதல் நாளிலேயே 22 ஆயிரம் ஆர்டர்கள். இரண்டு வருடம் முடிவதற்குள் பத்து லட்சம் கார்கள். (அசல் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் செவர்லேயின் கார்வெட்தான், மஸ்டாங் வெறும் ‘போனி’ என்று சாதிப்பவர்கள் அமெரிக்காவில் உண்டு. கார்வெட் வாங்க முடியாதவர்களிடம் அந்த வாதம் எடுபடாது.)

பிறகு இறங்குமுகம். 1973இல் எண்ணெய் நெருக்கடி, 1979இல் இன்னொன்று. பெட்ரோல் குடிக்கும் வி8 எஞ்சின் பாவகாரியம் ஆயிற்று. ஜப்பானியக் கார்கள் சிக்கனத்தையும் நம்பகத்தையும் கொண்டுவந்து கடை விரித்தன. 1979இல் ‘ஃபாக்ஸ்’ என்ற புது அடிச்சட்டத்தில் வந்த மஸ்டாங் 80களின் நடுவில் கிழடு தட்டத் தொடங்கியபோது, ஃபோர்டின் கணக்குப் பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஜப்பானின் மாஸ்டாவுடன் கூட்டு. மாஸ்டாவின் அடிச்சட்டம், முன்சக்கர இயக்கம், சிக்கன எஞ்சின். அதுதான் அடுத்த மஸ்டாங்.

செய்தி 1987இல் பத்திரிகையில் கசிந்தது. ஃபோர்டுக்குக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. வி8 இல்லாத, பின்சக்கரம் தள்ளாத வண்டிக்கு அந்தப் பெயரை வைக்காதே என்பதுதான் சாரம். கம்பெனி மிரண்டது. மாஸ்டா கூட்டில் பிறந்த கார் ‘ப்ரோப்’ என்ற வேறு பெயரில் மிச்சிகனின் ஃபிளாட் ராக் ஊரிலிருந்த மாஸ்டா ஆலையில் தயாராகி, 1989 மாடலாக வெளிவந்தது. பழைய மஸ்டாங் பழையபடியே ஓடியது. ஆனால் பிழைத்தது என்று சொல்ல முடியாது. தூக்கு தள்ளிவைக்கப்பட்டது, அவ்வளவே. 1992இல் ஆண்டு விற்பனை 80 ஆயிரத்துக்கும் கீழே போனது. 1966இல் ஆறு லட்சத்தைத் தாண்டிய வண்டி இது.

நம் ஊரில் இப்படிக் கடிதம் எழுதியிருப்பார்களா என்பது யோசிக்க வேண்டிய விஷயம். இங்கே வாடிக்கையாளன் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவது, பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருக்கும் வண்டி எப்போது வரும் என்று கேட்கத்தான். தனக்கு வேண்டிய காரைக் கற்பனை செய்தவர்களின் கதியும் தெரிந்ததுதான். இதே திருவனந்தபுரத்தில் 1966இல் பாலகிருஷ்ண மேனன் என்பவர் தன் அரவிந்த் ஆட்டோமொபைல்ஸ் பட்டறையில், ஃபியட் எஞ்சினை வைத்து, அமெரிக்கக் கார்களின் தோரணையில் கையாலேயே ஒரு காரை உருவாக்கினார். தயாரிப்புக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. மாதிரிக் கார் மாதிரியாகவே நின்றுவிட்டது. ஆசான் இந்தப் பேச்சை எடுத்தால் நிறுத்த மாட்டார்.

1989இல் ஜான் கொலெட்டி என்ற எஞ்சினியர் தலைமையில் ஒரு சிறு குழு மஸ்டாங்கைக் காப்பாற்றும் வேலையைத் தொடங்கியது. மேலிடத்தின் நிபந்தனை கடுமை: செலவு சுமார் 70 கோடி டாலருக்குள், காலம் சுமார் மூன்று ஆண்டு. அமெரிக்கக் கார் கம்பெனிகளின் அன்றைய வழக்கத்தில் இது பாதிச் சாப்பாடு. புது அடிச்சட்டத்துக்குக் காசில்லை. பழைய ஃபாக்ஸையே வெட்டி, ஒட்டி, விறைப்பேற்றினார்கள். உருவத்துக்கு மூன்று களிமண் மாதிரிகள். மிகச் சாதுவாக இருந்ததற்கு ஒலிம்பிக் வீரர் ஜென்னரின் பெயர். மிக முரடாக இருந்ததற்கு ராம்போ. நடுவே இருந்தது அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர். அர்னால்ட் ஜெயித்தார்.

1993 டிசம்பரில் கடைக்கு வந்த அந்த 1994 மாடல்தான் கரமனைச் சுவரில் இருந்தது. முகப்புக் கிராதியில் ஓடும் குதிரை திரும்பி வந்திருந்தது. பக்கவாட்டில் 60களின் குழிவு. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், முன்னால் இரண்டு ஏர்பேக். சாதாரண வகைக்கு 3.8 லிட்டர் வி6, 145 குதிரைசக்தி. ஜிடி வகைக்கு 5 லிட்டர் வி8, 215. அடிப்படை விலை 13 ஆயிரம் டாலரைச் சற்றே தாண்டியது. அந்த மாடல் ஆண்டில் 1 லட்சத்து 37 ஆயிரம் கார்கள் தயாராகின. ஆசானுக்கு ஒரே ஒரு குறை. பின் விளக்கு மூன்று பட்டையாகத்தான் இருந்தது, ஆனால் படுக்கை வசத்தில். “நிக்க வேண்டியத படுக்க வெச்சிட்டானே.” அமெரிக்க ரசிகர்களும் இதையேதான் சொன்னார்கள். 1996இல் விளக்குகள் எழுந்து நின்றன.

1996இல் விளக்கோடு எஞ்சினும் மாறியது. ஆசான் கண்ணுக்கு இதுதான் பெரிய சங்கதி. அதுவரை இருந்த 5 லிட்டர் எஞ்சின் ‘புஷ்ராட்’ வகை. கேம் ஷாஃப்ட் எஞ்சினின் வயிற்றுக்குள் இருக்கும், நீண்ட கம்பிகள் மேலே போய் வால்வைத் தள்ளும். அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினும் இதே ஜாதி. பிரித்து மாட்டச் சுலபம், சத்தத்தில் ஒரு கனம். அதை எடுத்துவிட்டு 4.6 லிட்டர் எஞ்சினை வைத்தார்கள். கேம் ஷாஃப்ட் தலைக்கு மேல் ஏறியது. ஜிடியின் சக்தி அதே 215. போட்டியாளரான கமாரோ 280ஐத் தாண்டியிருந்த நேரம் அது. ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். கோப்ரா என்ற உயர்வகைக்கு மட்டும் நாலு கேம் ஷாஃப்ட் கொண்ட அலுமினிய எஞ்சின், 305 குதிரைசக்தி. மிச்சிகனின் ரோமியோ ஆலையில் இரண்டிரண்டு தொழிலாளர்கள் சேர்ந்து ஒவ்வொரு எஞ்சினையும் கையால் பூட்டி, அதன் மேல் இருவரும் கையெழுத்துப் போட்ட தகடு ஒட்டி அனுப்பினார்கள். இந்தத் தகடு விஷயத்தைப் படித்த அன்று ஆசான் வேலையே பார்க்கவில்லை என்கிறார்கள் பையன்கள். ஒரு மெக்கானிக்கின் கையெழுத்து எஞ்சின் மேல்!

எஞ்சின் மாற்றம் அவருக்குத் தூரத்துச் செய்தி இல்லை. 1992இலேயே அம்பாசிடரில் இசுசு எஞ்சின் வந்துவிட்டது. அதிலும் கேம் தலைமேல். கியர் லீவர் ஸ்டியரிங்கிலிருந்து தரைக்கு இறங்கி, ஐந்து கியர் ஆயிற்று. அரசாங்க வண்டிகள் ஒவ்வொன்றாக அப்படி மாறின. 1993இல் கார்த் தொழிலுக்கு லைசென்ஸ் விலக்கு. 1995இல் தேவூவின் சீலோ, 1996இல் மகிந்திராவோடு சேர்ந்து ஃபோர்டின் எஸ்கார்ட், 1998இல் ஹூண்டாயின் சான்ட்ரோ. 1999இல் சென்னைக்குப் பக்கத்தில் மறைமலைநகரிலிருந்து ஐகான். கார்பரேட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. காதால் கேட்டுச் சொல்பவரிடம் வர வேண்டிய வண்டிகள் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தேடிப் போயின. நாலு பையன்களில் இருவர் சீருடை தரும் இடங்களுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பாலிடெக்னிக் முடித்த மகன் 1999இல் அப்பாவிடம் நேரடியாகவே கேட்டான்: கடையை விற்றுவிட்டு ஊரில் ரப்பர் தோட்டம் பார்க்கலாமே? இல்லையென்றால் ஸ்கேனர் வாங்கலாம். இரண்டும் இல்லாமல் இதை ஏன் கட்டி அழ வேண்டும்?

ஸ்கேனர் விலையைக் கேட்ட ஆசான் மூன்று மாதம் மகனோடு பேசவில்லை.

அதே 1999இல் மஸ்டாங்குக்கு 35 வயது. வளைவுகளைச் செதுக்கி எடுத்துக் கூர்முனை முகம் கொடுத்தார்கள். ஜிடிக்கு 260 குதிரைசக்தி. கோப்ராவுக்கு, மஸ்டாங் வரலாற்றிலேயே முதல் முறையாக, பின் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். பழைய ஒற்றை அச்சு மாட்டிய அதே இடங்களிலேயே இதையும் பூட்டும்படி அமைத்ததுதான் கெட்டிக்காரத்தனம். ஆனால் 320 குதிரைசக்தி என்று விளம்பரம் செய்த எஞ்சினை, வாங்கியவர்கள் தாங்களே சோதனை மேடையில் ஏற்றி அளந்து பார்த்தபோது குட்டு உடைந்தது. சொன்ன சக்தி இல்லை. ஃபோர்ட் விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களையும் திருப்பி அழைத்துப் பாகங்களை மாற்றிக் கொடுத்தது. 2000ஆம் ஆண்டில், பந்தயத்துக்கென்று செய்த 300 கோப்ரா ஆர் கார்களைத் தவிர, கோப்ராவே இல்லை. கம்பெனியைக் கடிதம் எழுதித் திருத்தியவர்கள், இம்முறை அளந்து பார்த்துத் திருத்தினார்கள்.

ஆசானை மாற்றியது இந்தச் சம்பவம்தான் என்று மகன் சொல்கிறார். “காது சொன்னா அவன் நம்புவானா? அளந்து காட்டினதால பணிஞ்சான்” என்றாராம் அப்பா. மறுவாரம் சாலைத் தெருவில் அடகுக் கடைக்குப் போய் வந்தார். ஸ்கேனர் வந்தது. அதை அவர் கையால் தொட்டதில்லை, அது வேறு விஷயம். ஒர்க்‌ஷாப்பின் ஒரு பாதி மகனுக்கு. மறு பாதியில் அம்பாசிடர் மட்டும்.

2002இல் கமாரோ நின்றுபோனது. சில வருடம் கழித்துத் திரும்பி வந்து, பிறகு மறுபடியும் நின்றது. 2014 மே மாதம் உத்தரபாராவில் அம்பாசிடர் தயாரிப்பு நின்றது. கடிதம் எழுதியவர்கள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆசானின் பாதியில் இப்போது மாதம் நாலைந்து வண்டிகள் வருகின்றன. எல்லாம் பழசைப் பூட்டிப் பாதுகாக்கும் பிரியர்களுடையவை. இவர்கள் பேரம் பேசுவதில்லை என்பது அவருக்கே ஆச்சரியம்.

முதன்முதலாக ஆலையிலேயே வலப்பக்க ஸ்டியரிங்குடன் செய்யப்பட்ட மஸ்டாங், 2016இல் இந்தியாவுக்கு வந்தது. விலை சுமார் 65 லட்சம். மறைமலைநகரில் கார் செய்த ஃபோர்ட், 2021இல் இந்தியத் தயாரிப்பையே கைவிட முடிவெடுத்தது. ஒருநாள் கவடியார் சாலையில் மகன் ஒரு மஸ்டாங்கைக் காட்டினாராம். ஆசான் முன்னால் போய்ப் பார்க்கவில்லை. அது தாண்டிப் போகும்வரை காத்திருந்து பின் விளக்கைப் பார்த்தார். நின்றுகொண்டுதான் இருந்தது.

இன்னொரு விவரம் அவருக்கு மிகவும் பிடிக்கும். மஸ்டாங்கின் இடத்தைப் பிடிக்க வந்த ப்ரோப் 1997இல் நின்றுவிட்டது. மஸ்டாங் தயாராகிவந்த டியர்பார்ன் ஆலையில் அந்தக் காரின் தயாரிப்பு 2004இல் முடிந்தது. அதன் பிறகு மஸ்டாங்கைச் செய்ய ஃபோர்ட் தேர்ந்தெடுத்த ஆலை, ப்ரோப் பிறந்த அதே ஃபிளாட் ராக். இதைச் சொல்லிவிட்டு அவர் சிரிப்பார். அந்தச் சமயத்தில் பக்கத்துப் பாதியிலிருந்து மகனின் ஸ்கேனர் கீச்சிடும். “லேய், அதக் கொஞ்சம் அமர்த்து” என்பார்.