கையில எவ்வளவு வரும்?

"சம்பளம் பெரிசில்லை மேடம். சேவைதான் முக்கியம்."

யாரும் என்னை மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. 2015-ல் பி.எஸ்சி. நர்ஸிங் முடித்த கையோடு, கோவையில் 300 படுக்கை கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையின் இன்டர்வியூவில் நானாகச் சொன்னது. "எவ்வளவு எதிர்பார்க்கிறே?" என்று நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட் அம்மா கேட்டதற்கு இதுதான் என் பதில். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை.

காலேஜில் முதல் வருஷம் வெள்ளைப் புடவையில் விளக்கேற்றி உறுதிமொழி எடுத்தபோது ஏறிய மயக்கம் அது. விளக்கு ஏந்திய நைட்டிங்கேல் அம்மையாரின் கதையைப் பக்கம் பக்கமாகப் படித்திருந்தோம். 1853-ல் அவர் லண்டனில் சம்பளமில்லாமல் ஒரு மருத்துவமனையை நடத்தினார், அப்போது அவருடைய அப்பா வருஷத்துக்கு 500 பவுண்டு கொடுத்துவந்தார் என்பதை மட்டும் நான் ரொம்பப் பிந்தித்தான் படித்தேன். என் அப்பாவுக்கு தேவகோட்டைப் பக்கம் ஒரு சைக்கிள் கடை. கடைசி வருஷ ஃபீஸுக்காக அம்மாவின் இரண்டரைப் பவுன் சங்கிலியை அடகு வைத்திருந்தார்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷ பாண்டில் கையெழுத்துப் போட்டேன். ராத்திரி அப்பா போன் பண்ணி, "சம்பளம் எவ்வளவும்மா?" என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது, எனக்குத் தெரியாது! "பத்து வரும்பா" என்று ஒரு குத்துமதிப்பில் அடித்துவிட்டேன். அந்தப் பத்து மறுநாள் காலை டீக்கடைக்குப் போய், மத்தியானம் அடகுக்கடைக்கும் போய்விட்டது. மாசம் 5,000 கட்டி ஒரு வருஷத்தில் மீட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

முதல் மாதச் சம்பளச் சீட்டை நைட் டூட்டி முடிந்த காலையில் கொடுத்தார்கள். ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து பிரித்தேன். மொத்தம் 9,000. பரவாயில்லை, பத்துக்குப் பக்கம்தானே. கீழே பி.எஃப். 720. ஈ.எஸ்.ஐ. 158. ஹாஸ்டலும் மெஸ்ஸும் 2,200. யூனிஃபார்ம் தவணை 300. கடைசிக் கட்டத்தில் 5,622. எங்கோ தப்பாகக் கூட்டிவிட்டார்கள் என்று சீட்டின் பின்பக்கம் பேனாவால் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் போட்டேன். 5,622-தான் வந்தது.

எதிர்க் கட்டிலில் என் வகுப்புத் தோழி. ஊர் கம்பம் என்பதால் பேரே கம்பம் ஆகிப்போனவள். அதே நாள் இன்டர்வியூவுக்கு எனக்கு அடுத்து உள்ளே போனவள். அதே வார்டு, அதே ஷிஃப்ட். அவள் சீட்டு தலையணை மேல் கிடந்தது. பார்த்திருக்கக் கூடாது, பார்த்தேன். மொத்தம் 10,500.

"உனக்கு எப்படிடீ?"

அவள் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "9,000ன்னாங்க. கையில எவ்வளவு வரும்னு கேட்டேன். அந்தம்மா மொகத்தைச் சுளிச்சு, கவர்ன்மென்ட்லயே 7,700தான் கொடுக்கிறாங்கன்னாங்க. எனக்கு பாங்க் லோன் இருக்கு, கட்டுப்படியாகாது மேடம்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு 10,500 போட்டாங்க."

அவ்வளவுதான் கதை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அந்தக் கொஞ்ச நேரம் மிஞ்சிப்போனால் அரை நிமிஷம் இருக்குமா? நான் சுவரில் மாட்டியிருந்த என் யூனிஃபார்மைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். 7,700 உண்மைதான். அந்த வருஷம் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எம்.ஆர்.பி. பரீட்சை எழுதி அரசில் சேர்ந்தவர்களுக்குத் தொகுப்பூதியம் அவ்வளவுதான். ஆனால் அது பேரத்துக்காக எடுத்துவிட்ட கணக்கு என்பது கம்பத்துக்குத் தெரிந்திருந்தது.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாசம் 2,500 அனுப்பினேன், மீதிக்கு ஒவ்வொரு மாசமும் ஒரு பொய். அடுத்த வருஷம் சங்கிலி மூழ்கிப்போனது. "போனாப் போகுது, நீ வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றாள் அம்மா. திட்டியிருந்தால் தேவலை.

2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200-க்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையாகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. டூட்டி ரூமில் அந்தச் செய்தியைச் சத்தமாக வாசித்துவிட்டு, எல்லாரும் எழுந்து பத்து மணி ஊசி போடப் போனோம். பரிந்துரைதானே.

இதோடு முடிந்தால் நான் பாவப்பட்டவள் என்றாவது ஆகியிருக்கும்.

இப்போது மதுரையில் வேறொரு மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜ். போன வருஷம் இன்டர்வியூவில் என்னையும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். ஒல்லியாக ஒரு பெண். கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில். கடைசியில், "மேடம், பிடித்தமெல்லாம் போக கையில எவ்வளவு வரும்? நைட்டுக்குத் தனியா உண்டா?" என்றாள்.

வந்ததும் வராததுமாக என்ன கேள்வி இது என்றுதான் முதலில் தோன்றியது. அணுகுமுறை என்ற கட்டத்தில் பத்துக்கு நான்கு போட்டேன். அவள் எழுந்து போனாள். ஹெச்.ஆர். தம்பி, "காசுலேயே குறியா இருக்கு" என்றான். தலையாட்டினேன்.

அடுத்து வந்தவள் "சம்பளம் பெரிசில்லை மேடம்" என்றாள். எங்கள் எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. என் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று எனக்கே தெரியும், எதிரே உட்கார்ந்து ஒருமுறை பார்த்தவள்தானே. பேனா கையிலேயே இருந்தது. அந்த நான்கைத் திருத்தியிருக்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று தாளைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாமவள் என் வார்டிலேயே சேர்ந்தாள். மாசம் முடிந்து, ஹேண்டோவர் எல்லாம் ஆன பிறகும் போகாமல் நின்றாள். கையில் நாலாக மடித்த சீட்டு.

"சிஸ்டர், இதுல ஏதோ தப்பாக் கூட்டியிருக்காங்கபோல."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். சீட்டை வாங்கிப் பின்பக்கம் திருப்பினேன். ஏற்கெனவே இரண்டு தடவை கூட்டிப் பார்த்திருந்தாள்.