வாப்பாவின் தூண்டில்

 

என் வாப்பா வஃபாத்தாகி இந்த ஷஃபானோடு இரண்டு ஆண்டுகள் நிறைகின்றன. அவர்கள் ஆலிம் அல்லர். ஜமாஅத்தில் பொறுப்பு வகித்தவரும் அல்லர். துபாயில் பல்லாண்டுகள் ஒரு கடையில் கணக்கெழுதிவிட்டு, ஊரான கீழக்கரைக்குத் திரும்பிச் சிறு மளிகைக்கடை நடத்தியவர்கள். குடும்பத்தையும் தூண்டிலையும் தவிர அவர்களுக்கு வேறு நாட்டம் இருந்ததில்லை. அந்தத் தூண்டிலைக் குறித்து நான் இழைத்த ஒரு பிழையைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வாப்பா ஊர் திரும்பியபோது எனக்கு வயது 11. அதுவரை எங்களுக்கு வாப்பா என்றால் மாதமொரு கடிதம், ஒலிநாடாவில் ஒரு குரல், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்திறங்கும் பெட்டி, அவ்வளவே. தம்பி அவர்களைக் கண்டதும் உம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். தங்கை சலாம் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். ஒரே வீட்டில் இருந்தும் எங்களோடு என்ன பேசுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கடை திறப்பதில்லை. சுபுஹுத் தொழுகை முடிந்ததும் எங்களில் ஒருவரை, முறை வைத்து, கடற்கரைக்கு அழைத்துச் செல்வார்கள். மரக்கட்டையில் சுற்றிய தங்கூசி நூல், ஓர் ஈயக்குண்டு, முள்ளில் கோக்க இறால் துண்டுகள். முழங்கால் அளவு நீரில் நின்று, பிஸ்மில்லாஹ் சொல்லி வீசுவார்கள். ஓராவோ கிழங்கானோ அகப்படும், நல்வாய்ப்பிருந்தால் விளைமீன். ஓராவின் துடுப்புமுள் குத்தினால் கடுக்கும் என்பதால் அதை எங்களைத் தொடவிடாமல் தாமே கழற்றுவார்கள். சிறு மீனைக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். கிடைத்ததில் முதற்பங்கு, கணவரை இழந்த பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குப் போகும்.

பின்னர் நான் அரபிக் கல்லூரியில் சேர்ந்தேன். 17 வயதில் விடுமுறைக்கு வந்திருந்தபோது, எல்லோரும் ஒரே சஹனில் உண்டுகொண்டிருக்கையில், திர்மிதியில் பதிவான ஒரு நபிமொழியை எடுத்துரைத்தேன். அம்பெய்தல், குதிரையைப் பழக்குதல், தன் குடும்பத்தாரோடு மகிழ்ந்திருத்தல் ஆகிய மூன்றைத் தவிர மனிதனின் பொழுதுபோக்குகள் வீண் என்பது அதன் கருத்து. “வாரந்தோறும் தூண்டிலோடு நிற்பது எந்தக் கணக்கில் சேரும், வாப்பா?” என்றும் கேட்டுவிட்டேன்.

வாப்பா பதில் சொல்லவில்லை. முள் நீக்கி வைத்திருந்த மீன் துண்டை என் பக்கம் நகர்த்தி, “சாப்பிடு, வாப்பா” என்றார்கள். மறுவாரம் என்னுடைய முறை. அவர்கள் என்னை அழைக்கவில்லை. அதன்பின் ஒருநாளும் அழைக்கவில்லை.

ஜனாஸா நல்லடக்கம் முடிந்த இரவில் மூவரும் அமர்ந்திருந்தோம். பத்தாம் வகுப்போடு தன் படிப்பை நிறுத்தப் பேச்சு நடந்தபோது, மேலே படிக்க வேண்டும் என்று கடற்கரையில் வைத்துத்தான் வாப்பாவிடம் சொன்னதாகத் தங்கை கூறினாள். மறுவாரமே அவளை மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தார்கள். தேர்வில் தோற்று, மதிப்பெண் பட்டியலை ஒளித்துவைத்ததைத் தம்பி ஒப்புக்கொண்டதும் அங்கேதான். “வாப்பா நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், நூலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் எதையும் சொல்லிவிடலாம்” என்றான். 17 வயதுக்குப் பிந்திய ஒரு வெள்ளிக்கிழமை கூட என்னிடம் சொல்வதற்கு இல்லை.

அன்று அந்த நபிமொழியை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். மூன்றாவதாக வரும் ‘அஹ்ல்’ என்னும் சொல்லுக்கு அவ்விடத்தில் மனைவி என்றே பொருள் சொல்வார்கள். ஆயினும் அரபு மொழியில் அச்சொல் வீட்டார் அனைவரையும் தழுவும். என் வாப்பா மீனை நாடியா கடலுக்குச் சென்றார்கள்? கடல் வேட்டையோ அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனத்தால் ஹலாலாக்கப்பட்டது. பெற்றோரை நோக்கிச் ‘சீ’ என்றும் சொல்லாதே எனத் தடுக்கும் வசனத்தை நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துகிறேன். நான் ‘சீ’ என்று சொல்லவில்லை, நபிமொழியைச் சொன்னேன். ஆனால் அதைச் சொன்ன விதத்தில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லாமற்போயிற்று. இல்மு நம் நாவில் ஏறுவது எளிது. அது அதபாக மாறுவதற்குக் காலம் ஆகிறது.

வெள்ளிதோறும் ஓதும் கஹ்ஃப் அத்தியாயத்தில், மூஸா (அலை) அவர்களும் உடன் வந்த இளைஞரும் மீன் நழுவிய இடத்தைக் கடந்து போய்விடுகிறார்கள். தாங்கள் தேடி வந்த இடம் அதுவே என்று அறிந்ததும் தம் காலடிச் சுவடுகளைப் பற்றித் திரும்புகிறார்கள். நானும் திரும்ப விரும்பினேன். ஆனால் அங்கே வாப்பா இல்லை.

என் மகனுக்கு இப்போது வயது 12. சில மாதங்களாக வெள்ளிக்கிழமை சுபுஹுக்குப் பின் அதே மரக்கட்டையை எடுத்துக்கொண்டு இருவரும் கடற்கரைக்குச் செல்கிறோம். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புகிறோம். சென்ற வாரம் அவன் மெல்லச் சொன்னான்: “வாப்பா, ஹிஃப்ழு வகுப்பில் எனக்கு ஒன்றுமே மனத்தில் நிற்கவில்லை. உங்களிடம் சொல்லப் பயமாக இருந்தது.”

உஸ்தாதாகிய எனக்கு உடனே சொல்லப் பல உபதேசங்கள் நாவில் வந்து நின்றன. நான் நூலையே பார்த்துக்கொண்டு, “சொல், வாப்பா. கேட்கிறேன்” என்றேன்.

யா அல்லாஹ்! என் வாப்பாவின் கப்றை ஒளிமயமாக்குவாயாக! அவர்களிடம் நான் கேட்காமல் விட்ட மன்னிப்பை உன்னிடம் கேட்கிறேன், ஏற்றுக்கொள்வாயாக! ஆமீன்.