கீழே எழுதியவர்

பாலையூற்றிலிருந்து கொழும்புக்கு உத்தியோகம் பார்க்கப் போன என் நண்பர் ஒருவர், காப்புறுதி நிறுவனமொன்றின் தீக்காப்புறுதிப் பிரிவில் நெடுங்காலம் அண்டர்றைற்றராக இருந்தார். அந்தத் தொழில் ஊரில் எவருக்கும் விளங்கவில்லை. 'இன்சூரன்ஸ் பிடிக்கிறவர்' என்றே சொன்னார்கள். பிடித்துக்கொண்டு வருபவர் முகவர். வந்ததை ஏற்பதா, ஏற்பதாயின் என்ன கட்டணத்தில், என்ன நிபந்தனையில் என்று தீர்மானிப்பவரே அண்டர்றைற்றர். முகவர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் எட்வர்ட் லொயிட் நடத்திய கோப்பிக் கடையில் கப்பல்காரரும் வணிகரும் கூடுவார்கள். பயண விபரம் எழுதிய தாளின் அடியில், நட்டம் வந்தால் இவ்வளவுக்கு நான் பொறுப்பு என்று பணமுள்ளவர்கள் கையொப்பமிட்டார்கள். கீழே எழுதியவர் என்பதே தொழிலின் பெயராயிற்று. அந்தக் கடையின் வழிவந்ததுதான் இன்றைய லொயிட்ஸ் சந்தை.

அந்தக் கையொப்பம் எங்கள் கடலையும் தொட்டது. 1997 செப்டெம்பரில் புல்மோட்டையில் இல்மனைற் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிற்றி என்ற கப்பல் தாக்கப்பட்டது. 2001 ஜூலை 24இல் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டதும், லண்டன் அண்டர்றைற்றர்கள் இலங்கைக்கு வரும் கப்பல்களின் போர் அபாயக் கட்டணத்தைப் பலமடங்கு உயர்த்தினார்கள். தாக்குதலை நாங்கள் முதற்பக்கத்தில் போட்டோம். கட்டணம் வணிகப் பக்கத்துக்குப் போயிற்று. பாணின் விலையைப் பாதிக்கும் செய்தி எதுவென்று பத்திரிகைக்காரருக்கு எப்போதும் தெரிவதில்லை. ஓர் இடத்தின் பெயர் அபாயப் பட்டியலில் ஏறிவிட்டால், அங்கே போகும் எல்லாக் கப்பலும் ஒன்றுதான்.

உள்நாட்டிலும் நிலைமை இலகுவல்ல. 1983 ஜூலைக் கலவரத்தின் பின்னர் வெளிநாட்டு மறுகாப்புறுதியாளர்கள் கலவர ஆபத்தை ஏற்கப் பின்வாங்க, 1987இல் அரசே அதற்கெனத் தனி நிதியம் அமைத்தது. கலவரக் காப்பை மேலதிகக் கட்டணம் செலுத்திக் கேட்டுப் பெறவேண்டும். தீக்காப்புறுதியில் அது தானாக அடங்காது. கடை எரிந்தபின் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்த பலருக்கு இந்த ஒரு வரியை விளக்கிச் சொல்வதே தன் தொழிலில் மிகக் கொடிய வேலை என்பார் நண்பர்.

1990களின் நடுப்பகுதியில் எங்கள் ஊர்க் கடையொன்றின் விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. பலகைச் சுவர், உள்ளேயே மண்ணெண்ணெய்ப் பீப்பாய். சிறுவயதில் அவர் கற்கண்டு வாங்கிய கடை; அதை எழுத விண்ணப்பத்தில் இடமில்லை. திருகோணமலை என்ற சொல்லைக் கண்டதுமே மேலதிகாரி, "பார்க்க ஆள் அனுப்ப முடியாது, திருப்பி அனுப்பும்" என்றாராம். நண்பர் திருப்பி அனுப்பவில்லை. விடுமுறைக்கு ஊர் வந்தபோது தாமே போய்க் கடையை அளந்தார். பீப்பாயை வெளியே தனிக் கொட்டிலில் வைக்கவேண்டும், அடுப்புப் பக்கச் சுவரைக் கல்லால் கட்டவேண்டும், கலவரக் காப்பும் சேர்த்து எடுக்கவேண்டும் என்று நிபந்தனை எழுதி, அடியில் கையொப்பமிட்டார். அந்தக் கடை எரிந்திருந்தால் அவருடைய பதவி உயர்வும் சேர்ந்து எரிந்திருக்கும்.

கடைக்காரருக்குக் கடுங்கோபம். "ஊர்ப்பிள்ளை எண்டு நம்பினன், சுவர் கட்ட வச்சிட்டான்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். சுவரைக் கட்டினார்; கட்டணத்தையும் ஆண்டுதோறும் தவறாமல் செலுத்தினார். கடை எரியவேயில்லை. அவ்வளவு காசும் வீணாய்ப் போயிற்று என்று கடைசிவரை நண்பரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.