திம்பம் வளைவுகளில் ஒரு பழைய வண்டி

மோட்டார் சைக்கிளைப் பற்றிக் குருவானவர் ஒருவர் எழுதுவதா என்று வாசகர் சிலர் வியக்கக்கூடும். கிளைப் பங்குகளுக்கெல்லாம் இருசக்கர வண்டியிலேயே சென்று வந்து இருபத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவனுக்கு, வண்டிகளைப் பற்றிச் சில உறுதியான எண்ணங்கள் உண்டாவது இயல்பே. அவ்வெண்ணங்களை உரைத்துப் பார்க்கும் வாய்ப்பைச் சென்ற ஆண்டு ஒரு குடும்பம் எனக்கு அளித்தது.

சத்தியமங்கலத்தை அடுத்த எங்கள் ஊரில், ஒரு வீட்டின் பின்புறச் சாய்ப்பில் யெஸ்டி வண்டி ஒன்று பன்னிரண்டு ஆண்டுகளாகத் தார்ப்பாயின்கீழ்க் கிடந்தது. அவ்வீட்டுத் தலைவர் ஒரு மழை இரவில் திம்பம் மலைப்பாதையில் இறங்கும்போது விழுந்து உயிர்நீத்தவர். தலைக்கவசம் அவர் தலையில் இல்லை. வண்டியின் கைப்பிடியில் தொங்கியது. மகனுக்கு இப்போது இருபத்துமூன்று வயது. பெருந்துறையில் வேலைக்குச் சேர்ந்து முதற் சம்பளம் வாங்கியதும், தந்தையின் வண்டியைச் சீர்செய்யப் போவதாகச் சொன்னான். தாயோ, "பழைய இரும்புக்குப் போட்டுடச் சொல்லுங்க சாமி, அதைப் பார்க்கறப்பல்லாம் வயிறு பதறுது" என்று என்னிடம் வந்து அழுதார்.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. "எஞ்சின் உயிர்பெறுமா என்று முதலில் பார்ப்போம், ஓட்டுவதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசுவோம்" என்று சொல்லி இருவரையும் இசையச் செய்தேன்.

கழற்றிப் பார்த்தபோது சிலிண்டரின் உட்புறம் துருவேறியிருந்தது. அதைக் கடைந்து, புதிய அளவுக்கேற்ற பிஸ்டன் பொருத்தவேண்டும். இவ்வண்டி பிறந்த மைசூரிலே கைதேர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சிலிண்டரைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு, நாங்கள் இருவரும் என் புல்லட்டில் ஒரு காலைப்பொழுதில் புறப்பட்டோம்.

என்னுடையது 1980களில் செய்யப்பட்ட 350 சி.சி. புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனம் 1932ஆம் ஆண்டில் இப்பெயரை முதன்முதலாகத் தன் வண்டிக்குச் சூட்டியது. 1955இல் அது மதராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச்சேர, என்ஃபீல்டு இந்தியா தோன்றியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆனால் திருவொற்றியூரில் உலைகள் அணையவில்லை. 1977இல் அங்கிருந்து புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின. தாய்வீடு மறந்த கைப்பக்குவத்தை மகள் காப்பாற்றி வைத்திருந்து, தாய்வீட்டுக்கே சீராக அனுப்பியது போன்ற செய்தி அது.

பழைய புல்லட்டைக் கிளப்புவதற்குப் பொறுமை வேண்டும். டீகம்ப்ரஷன் நெம்புகோலை அழுத்திக்கொண்டு, அம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல மிதிக்கவேண்டும். பிறகு நெம்புகோலை விட்டுவிட்டு ஒரே மிதி. அவசரப்படுகிறவனின் காலை அது திருப்பி உதைத்துவிடும். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். புதிய வண்டியில் பழகியவன் பிரேக்கென்று எண்ணிக் கியரை மிதிப்பான்.

பண்ணாரி கடந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. திம்பம் வரை இருபத்தேழு கொண்டையூசி வளைவுகள். இங்கேதான் புல்லட்டின் பெருமை விளங்கும். அதன் பிஸ்டன் நெடுந்தொலைவு ஏறி இறங்குவது, ஃபிளைவீல் கனமானது. ஆதலால் விரைந்து சுழலாமலே பாரத்தை இழுக்கும். பின்னால் ஓர் ஆளும் இரும்புப் பொதியும் இருந்தும், வளைவுதோறும் அது நிதானம் தவறாமல் ஏறியது.

ஆசனூரில் தேநீருக்கு நின்றோம். "நீங்க ஓட்டினதுலயே எது நல்ல வண்டிங்க சாமி?" என்று அவன் கேட்டான். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

நான் முதலில் கற்றுக்கொண்டது ராஜ்தூத் 175. போலந்து நாட்டு எஸ்.எச்.எல். வண்டியின் வழிவந்தது. அழகும் வேகமும் அதற்குக் குறைவு. ஆயினும் பால் கேனையும் தீவன மூட்டையையும் முணுமுணுக்காமல் சுமந்து எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டது. அதைக் கேலி செய்வோரை நான் பொறுப்பதில்லை. 1983இல் வந்த ராஜ்தூத் 350, ஜப்பானிய யமஹா ஆர்.டி. 350இன் இந்திய வடிவம். இரண்டு சிலிண்டர், கைப்பிடியைத் திருகினால் பறக்கும். அன்றைய இளைஞரின் கனவு அது. ஆனால் ஜப்பானிய வண்டியின் முன்சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக் இங்கே டிரம் பிரேக்காக மாறியிருந்தது. அவ்வேகத்திற்கு அத்தடை போதாதென்பது என் கருத்து. ஓடத் தெரிந்த அளவுக்கு நிற்கவும் தெரிவதே நல்ல வண்டி.

கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் நிற்கும் காராப்பள்ளத்தைக் கடந்து, சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு வழியாக நண்பகலில் மைசூர் சேர்ந்தோம்.

ஜாவா என்பது இந்தோனேசியத் தீவின் பெயரால் வந்ததென்று பலர் எண்ணுகின்றனர். செக் நாட்டு யானெச்செக் என்பவரின் பெயரும், வாண்டரர் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் பெயரும் தம் முதலெழுத்துகளால் இணைந்து 1929இல் பிறந்த பெயர் அது. 1960களின் தொடக்கத்தில் ருஸ்தம் இரானி என்பவரின் முயற்சியால் மைசூரின் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை வண்டிகளை வெளியிடத் தொடங்கியது. 1973 முதல் வண்டிகளின் பெயர் யெஸ்டி என்றாயிற்று. ஈரானிலுள்ள யாஸ்து நகரின் நினைவாக அமைந்தது. 1996இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஜாவா 2018இலும், யெஸ்டி 2022இலும் மீண்டும் சாலைக்கு வந்தன. எனினும் அவை பழைய பெயர் தாங்கிய புதிய இயந்திரங்கள்.

யாதவகிரியில் இன்று அந்தச் சங்கொலி கேட்பதில்லை. ஆனால் நகரின் சந்துகளில் அந்தக் கைத்தொழில் வாழ்கிறது. முதியவர் ஒருவர் சிலிண்டரின் உட்சுவரை விரல் நுனியால் தடவி, எவ்வளவு கடையவேண்டும் என்று சொன்னார், பிறகு கருவி வைத்து அளந்தார், சரியாக இருந்தது. "இது எதையும் ஒளிக்காது சாமி. நோய் என்னன்னு கேட்டா சொல்லிடும்" என்று கன்னடம் கலந்த தமிழில் அவர் சொன்னதை மறக்க இயலாது. கியர் நெம்புகோலையே மேலே திருப்பிக் கிக்கராகப் பயன்படுத்தும் அமைப்பு, ஒற்றைச் சிலிண்டருக்கு இரண்டு புகைக்குழாய் என்று அவ்வண்டியின் தனித்தன்மைகளை அவர் பெற்ற பிள்ளையைப் புகழ்வதுபோல் எடுத்துரைத்தார்.

மறுநாள் திரும்பும்போது, திம்பத்திற்குக் கீழே ஒரு வளைவில் அவன் என் தோளைத் தொட்டான். "இங்கதான் சாமி" என்றான். வண்டியை நிறுத்தினேன்.

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, முன்நாள் பேச்சில் நான் விட்டுவிட்டதை அங்கே அவனிடம் சொன்னேன். புல்லட் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் கியரைக் குறைத்தால் எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் அப்பிடிப்பு மிகக் குறைவு. பழைய டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்தே ஆயில் செல்வதால், கைப்பிடியை மூடியபடி நெடுந்தூரம் இறங்கினால் எஞ்சினுக்கு ஆயிலும் குறைந்துபோகும். டிரம் பிரேக் தொடர்ந்து சூடேறினால் தளரும். இவை அக்கால வண்டிகள் அனைத்திற்கும் பொதுவான எல்லைகள். இன்றோ, 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்திலும், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி காக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாகிவிட்டது. "பழையதே பொன் என்று நானும் பேசியிருக்கிறேன். ஆனால் இந்த மழைப்பாதையில் நீ இறங்குவதானால், புதிய வண்டியில் இறங்குவதையே விரும்புவேன்" என்றேன். அவன் தலையசைத்தான்.

இரண்டு வாரங்களுக்குப்பின் அவன் வீட்டு முற்றத்தில் யெஸ்டியின் எஞ்சின் கிளம்பியது. இரு குழாய்களிலிருந்தும் நீலப்புகை எழுந்து வீட்டுக்குள் பரவியது. தாய் சமையற்கட்டிலிருந்து வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவர் வந்து நிக்கறப்ப இதே வாசந்தாங்க சாமி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை மூவரும் அமர்ந்து முடிவு செய்தோம். பெருந்துறைக்குப் போய்வர ஏ.பி.எஸ். உள்ள புதிய வண்டி; தந்தையின் வண்டி ஞாயிறுதோறும் ஊரெல்லைக்குள் மட்டும்; எதில் ஏறினாலும் தலைக்கவசம். கடைசி விதியைத் தாயே கூறினார். பழைய இரும்புக்காரருக்குச் சொல்லிவிட்டதை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நம் இல்லங்கள் பலவற்றில் இவ்வாறு தார்ப்பாயின்கீழ் ஒரு வண்டி கிடக்கலாம். அதன் குறைகளை மறைத்து அன்பு செலுத்தவேண்டாம். அறிந்து அன்பு செலுத்துவோம். கைப்பிடியில் தொங்கும் தலைக்கவசத்தை எடுத்துத் தலையில் அணிந்துகொண்டு, பிறகு கிக்கரை மிதிப்போம்.