பச்சைதான், ஆனா சைக்கிளுக்கு இல்ல

2024-ல ஒரு சாயங்காலம். மாதவரம் - சிறுசேரி மெட்ரோவோட கிரீன்வேஸ் ரோடு ஸ்டேஷனுக்காக எங்க ராஜா அண்ணாமலைபுரத்துல தோண்டிட்டிருந்த நேரம். ஆபீஸ்லேர்ந்து சைக்கிள்ல வர்றேன். பக்கத்துத் தெருவுல தகரத் தடுப்பு, ஒத்தை வண்டிப் பாதை, ரெண்டு முனையிலயும் தற்காலிக சிக்னல். பச்சை விழுந்ததும் மிதிச்சேன். பாதி தூரம்தான்... எதிர்ல தண்ணி லாரி! தகரத்தோட ஒட்டிக்கிட்டேன். நடுவுல ஒரு சாண் இடைவெளி.

ராத்திரி கணக்குப் போட்டேன் (இன்ஜினியர் புத்தி!). 150 மீட்டரை 30 கி.மீ. வேகத்துல பைக் 18 நொடியில தாண்டிடும். 12 கி.மீ.ல மிதிக்கிற எனக்கு 45. லாரிக்காரர் மேல தப்பில்லீங்க, அவருக்கும் பச்சைதான். உள்ள இருக்கறவன் வெளிய வந்துட்டானான்னு பார்க்காம அடுத்தவனுக்குக் கதவைத் திறக்கறது... நாங்க புரோகிராம்ல பண்ற அதே தப்பு!

இப்பல்லாம் அந்த மாதிரி இடத்துல இறங்கி, ஓரமா தள்ளிட்டுதான் போறேன். அப்பாவோட பழைய சைக்கிள் அது. அவர்கிட்ட இன்னும் சொல்லல.