காதுக்கு ஒரு கவசம்

பிரெஞ்சில் 'காஸ்க்' என்று ஒரு சொல் உண்டு. சிப்பாய் போடும் இரும்புத் தொப்பிக்கும் அதுதான் பெயர், மோட்டார் சைக்கிள்காரர் போடும் ஹெல்மெட்டுக்கும் அதுதான், பாட்டுக் கேட்கத் தலையில் மாட்டும் ஹெட்போனுக்கும் அதுதான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் எனக்கு முதல் பொருள் மட்டுமே தெரியும். எங்கள் தெருவில் இரண்டு மூன்று 'சொல்தா' வீடுகள் இருந்தன. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்று, அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எழுபத்தாறு வயதில் நானும் ஒரு காஸ்க் வாங்கினேன், மூன்றாவது பொருளில். அதுவும் வெளிச் சத்தத்தைத் தணிக்கும் வகை.

"இந்த வயசுல உமக்கு எதுக்குய்யா இது?" என்று காலை நடையில் நண்பர்கள் கேட்டார்கள். "நானும் வாங்கலாமா, எப்படிப் பார்த்து வாங்கணும்?" என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

காரணம் என் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போனவள், பாரீசுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் இருக்கிறாள். அத்தான் காலமாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்குக் காலை பதினொரு மணி, எனக்கு மாலை மூன்றரை மணிக்கு வாட்ஸப்பில் பேசுவோம். அவர்கள் கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும்போது எனக்கு இரண்டரை மணி ஆகிவிடும். பல வருஷப் பழக்கம் இது.

போன வருஷம் எங்கள் அடையாறு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பழைய அடுக்குமாடிக் குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். இப்போது அடையாற்றில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இதுதான் கதை. கான்கிரீட்டை உடைக்கும் இயந்திரம், ஜெனரேட்டர், கலவை லாரி; அந்த வேலைக்கு ஞாயிறு, திங்கள் என்ற பேதமில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. போனில் உள்ள அளவுமானி அவ்வளவு துல்லியமில்லைதான். ஆனாலும் அது எங்கள் கூடத்தில் 75க்குக் கீழே இறங்கவில்லை.

அக்கா பேசுவது புரியாமல் "என்னக்கா? என்னக்கா?" என்று நான் கேட்பேன். அவள் இரண்டு தடவை திருப்பிச் சொல்வாள். மூன்றாவது தடவை, "ஒண்ணுமில்லடா தம்பி, வச்சிடறேன்" என்பாள். முக்கால் மணி நேரப் பேச்சு நாலு நிமிஷமாகச் சுருங்கிப் போனது. எண்பத்து நாலு வயதுக்காரியிடம் 'அப்புறம் பேசலாம்' என்று தள்ளிப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வயதுக்குரிய லேசான குறை என்றார் டாக்டர். வயதாகும்போது உயர்ந்த ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் மங்குமாம். ச, த, ப போன்ற மெய்யெழுத்துகள் நழுவிவிடும், உயிரெழுத்துகள் காதில் விழும். அதனால்தான் 'சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை' என்று பெரியவர்கள் சொல்கிறோம். காது கேட்கும் கருவி உடனே வேண்டாம், வருஷத்துக்கு ஒரு முறை வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள், சுற்றுச் சத்தத்தைக் குறைத்தாலே பாதி சரியாகும் என்றார். சுற்றுச் சத்தத்தை நான் எங்கே போய்க் குறைப்பது? அப்படித்தான் இந்தத் தேடல் ஆரம்பித்தது.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பேரன் படம் போட்டு விளக்கினான். ஒலி என்பது அலை. மேடு வரும் இடத்தில் பள்ளமும், பள்ளம் வரும் இடத்தில் மேடுமாக இன்னொரு அலையை அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஹெட்போனுக்கு வெளியிலும் உள்ளேயும் சின்னச் சின்ன மைக்குகள் இருக்கின்றன. அவை வெளிச் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை அந்தக் கணமே உள்ளே உண்டாக்குகின்றன. இந்த யோசனைக்குப் பால் லூயக் என்ற ஜெர்மானியர் 1936லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அதைச் செய்து காட்டும் அளவுக்கு மின்னணுவியல் அப்போது வளர்ந்திருக்கவில்லை.

அதைக் காதில் மாட்டும் பொருளாக ஆக்கியதில் பெரும் பங்கு அமர் போஸுக்கு. அவர் அப்பா நோனி கோபால் போஸ் வங்காளி. ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்ததால் நாட்டைவிட்டு 1920இல் அமெரிக்கா போனவர். எங்கள் புதுச்சேரிக்கு 1908இல் பாரதியாரும் 1910இல் அரவிந்தரும் வந்து சேர்ந்த மாதிரிதான். மகன் அமர், எம்.ஐ.டி.யில் பேராசிரியர். 1978இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போகும்போது, அங்கே கொடுத்த ஹெட்போனை மாட்டியிருக்கிறார். எஞ்சின் இரைச்சலில் பாட்டே கேட்கவில்லை. இறங்குவதற்குள் காகிதத்தில் கணக்குப் போட்டு, இது முடியும் என்று கண்டுகொண்டாராம். பொருளாக வருவதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிவந்த 'வாயேஜர்' விமானத்தின் இரண்டு விமானிகள் 1986இல் இதன் மாதிரியை அணிந்து போனார்கள். 1989இல் விமானிகளுக்கு விற்பனைக்கு வந்தது. நம்மைப் போன்ற பயணிகளுக்கு 2000த்தில்தான் கிடைத்தது.

இது எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடாது. வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். விமான எஞ்சின், ஏ.சி., ஜெனரேட்டர், பஸ்ஸின் உறுமல் போலத் தாழ்ந்த ஸ்தாயியில் ஒரே சீராக வரும் சத்தத்தைத்தான் நன்றாகத் தணிக்கும். குக்கர் விசில், காக்கை, ஆட்டோ ஹாரன், குழந்தையின் அழுகை போலத் திடீரென்று உயரே எழும் சத்தங்கள் ஓரளவு வந்தே தீரும். அவற்றைக் குறைப்பது எலக்ட்ரானிக்ஸ் அல்ல, காதை மூடும் மெத்தைதான்.

முப்பத்து நாலு வருஷம் அரசாங்கத்தில் எழுத்தராக இருந்தவன் நான். மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு டஜன் பென்சில்கூட வாங்கியதில்லை. வெள்ளைத் தாளில் கோடு போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். ஆபீசில் எல்லோரும் குறைந்த விலையைத்தான் பார்ப்பார்கள் என்று வெளியில் நினைப்பார்கள். அப்படியில்லை. கேட்ட தகுதி இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். தகுதியுள்ளவற்றுக்குள்தான் குறைந்த விலை. நான் எழுதிய தகுதிகள் இவை.

முதலாவது, காதைச் சுற்றி முழுதாக மூடுவதாக இருக்கவேண்டும். காதுக்குள் செருகும் சின்ன வகை கைக்கு அடக்கம்தான், விலையும் குறைவு. ஆனால் எனக்குக் காதுக்குள் அரிப்பு வரும். தவிர ஒன்று கீழே விழுந்தால் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேட முடியாது. காதுக்குப் பின்னால் கேட்கும் கருவி வைத்திருப்பவர்கள் இரண்டையும் சேர்த்து மாட்டிப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். சிலருக்குக் கீச்சென்று விசிலடிக்கும்.

இரண்டாவது, எடை. கால் கிலோ என்பது கையில் ஒன்றுமில்லை; தலையில் ஏழு மணி நேரம் இருந்தால் கழுத்துக்குத் தெரியும்.

மூன்றாவது, மூக்குக் கண்ணாடியோடு போட்டுப் பார்ப்பது. கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கி இடைவெளி விட்டால், அந்த வழியாகச் சத்தம் உள்ளே வரும். கடையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை.

நான்காவது, மெத்தையைத் தனியாக மாற்ற முடியவேண்டும். நம் ஊர் வியர்வைக்கும் கடற்காற்றுக்கும் அந்தத் தோல் போன்ற உறை இரண்டு மூன்று வருஷத்தில் உரிந்துவிடும். மெத்தை கிடைக்காவிட்டால் நல்ல கருவியும் குப்பைக்குத்தான்.

ஐந்தாவது, அழுத்தும் பட்டன். விரலால் தடவினால் வேலை செய்யும் வகை, காய்ந்துபோன என் விரல்களை மதிக்கவில்லை.

ஆறாவது, வயர் செருகும் துளை. ப்ளூடூத் எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் விமானத்தின் திரையில் படம் பார்க்கப் பெரும்பாலும் இன்னும் வயர்தான். பழைய விமானங்களில் இரட்டை முள் துளை இருக்கும், அதற்கு ஒரு சின்ன அடாப்டர் வேண்டும்.

கடைசியாக, வெளிச் சத்தத்தை உள்ளே விடும் வசதி. ஒரு பட்டனைத் தட்டினால் அதே மைக்குகள் வெளியே நடப்பதைக் காதுக்குள் கொண்டுவரும். பட்டியலில் இதற்குத்தான் நான் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டேன். காரணம் என் மனைவி. முழங்கால் அறுவை செய்துகொண்டவள். உள் அறையிலிருந்து அவள் "என்னங்க" என்றால் என் காதில் விழவேண்டும்.

ரிச்சி தெருவிலும் அடையாற்றிலுமாக மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாயிலும் 'சத்தம் தணிக்கும்' என்று போட்டு விற்கிறார்கள், முப்பதாயிரத்திலும் விற்கிறார்கள். கடைக்காரத் தம்பி காதைப் பிளக்கும் சினிமாப் பாட்டைப் போட்டு, "எப்படி சார் பேஸ்?" என்றான். பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, தலைக்கு மேலே ஓடிய ஏ.சி.க்குக் கீழே போய் நின்றேன். தணிக்கும் பட்டனைப் போட்டும் எடுத்தும் பார்த்தேன். பிறகு அங்கிருந்தே மனைவிக்குப் போன் செய்து, பேசுவது இரண்டு பக்கமும் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தேன். "எங்க இருக்கீங்க, இவ்ளோ அமைதியா இருக்கு?" என்றாள். ரிச்சி தெருவின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

பதினோராயிரம் ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். கம்பெனியின் பெயரை எழுதவில்லை. ஆறு மாதத்தில் மாடல் மாறிவிடும். பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள், அது மாறாது.

அடுத்த ஞாயிறு, பக்கத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, அக்காவுடன் பேசினேன். குரல் காதோடு பேசுவதுபோல் வந்தது. அம்மா செய்யும் இறால் குழம்பைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினாள். அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். நாலு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கினாள். உட்கார்ந்துதான் பேசினாள், படியேறவில்லை. "உடம்பு எப்படிக்கா இருக்கு?" என்றால், "எனக்கென்னடா, நல்லாத்தான் இருக்கேன்." அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள். நாலு நிமிஷப் பேச்சில் அந்த மூச்சு எனக்குக் கேட்டிருக்காது.

அன்றிரவே அவள் மகனுக்குப் போன் செய்தேன். வேறு ஊரில் வேலை பார்ப்பவன். "மாமா, என்கிட்ட நல்லா இருக்கேன்னுதான் சொல்றாங்க" என்றான். செவ்வாய்க்கிழமை அவளை டாக்டரிடம் அழைத்துப் போனான். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியிருந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரி, இப்போது மாத்திரையில் ஓடுகிறது. வருஷக் கடைசியில் போகலாம் என்றிருந்த பயணத்தை மார்ச்சுக்கு மாற்றினோம்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் இரண்டு வினைச்சொற்களைப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார். 'ஆந்தாந்த்ர்' என்றால் காதில் விழுவது, 'எகூத்தே' என்றால் மனம் வைத்துக் கேட்பது. தமிழில் இரண்டுக்குமே 'கேட்பது'தான். கேள்வி கேட்பதற்கும் அதே சொல்தான். அக்கா விஷயத்தில் மூன்றும் தேவைப்பட்டது.

விமானத்தில் துபாய் வரை நாலு மணி நேரம், அங்கிருந்து பாரீசுக்கு ஏழு மணி நேரம். முன்பு போனபோதெல்லாம் இறங்கிய பிறகும் இரண்டு நாள் காதுக்குள் எஞ்சின் ஓடும். இம்முறை அது இல்லை. பின் இருக்கைக் குழந்தையின் அழுகை மட்டும் கொஞ்சம் வந்தது, வரட்டும், குழந்தைதானே. மூன்று வாரம் அக்காவோடு இருந்துவிட்டு வந்தோம்.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். வெளி இரைச்சல் குறைந்தால் வால்யூமைக் கூட்ட வேண்டியதில்லை. இந்தக் கருவியின் பெரிய லாபமே அதுதான். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள், காற்று மைக்கில் அடித்து உஸ்ஸென்று கேட்கும். சிலருக்கு முதல் இரண்டு நாள் காது அடைத்த மாதிரி இருக்கும், பழகிவிடும். எல்.பி. ரோட்டில் நடக்கும்போது மட்டும் தயவுசெய்து மாட்டாதீர்கள். பின்னால் வரும் பஸ்ஸின் சத்தத்தைத்தான் இது முதலில் அழிக்கும். பேச்சே சரியாகப் புரியவில்லை என்றால் கடைக்குப் போகுமுன் டாக்டரிடம் போங்கள். இது காது கேட்கும் கருவிக்கு மாற்று அல்ல.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு விதி உண்டு. நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது, தணிக்கும் பட்டன் ஞாயிறு மூன்றரை மணிக்கு மட்டும்தான். அந்த நேரத்தில் என் மனைவி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். தனக்கு ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடுவதில்லை, என் முழங்கையைத் தட்டுகிறாள்.