பரீட்சை யாருக்கு?

எங்கள் வீட்டில் பரீட்சை வாரம் வந்துவிட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும். டி.வி.யைத் துணி போட்டு மூடிவிடுவேன். விருந்தாளி வந்தால் வாசலோடு பேசி அனுப்பிவிடுவேன். "மெதுவா பேசுங்க, தம்பி படிக்கிறான்" என்று பால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். இத்தனைக்கும் தம்பி படித்தது ஏதோ கலெக்டர் பரீட்சைக்கு அல்ல. நாலாம் வகுப்பு அரையாண்டுக்கு!

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பத்தாவது படிக்கிறாள். 'படி' என்று அவளிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தப் பெருமையில், பிள்ளை வளர்ப்பில் நான் கரை கண்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சின்னவன் பிறந்து வந்து அந்த நினைப்பைப் போக்கினான். அவன் மக்கு இல்லை. மீன் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனால் பாரை எது, கொடுவா எது, வஞ்சிரம் எது என்று எனக்கே சொல்லித் தருவான். ஆனால் வகுத்தல் கணக்கை எடுத்தால் மட்டும் கொட்டாவி வந்துவிடும்.

எங்கள் காரைக்காலில் அரையாண்டு நெருங்கும்போது மழையும் கூடவே வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கலெக்டர் லீவு விட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கோ, "ஐயோ, படிச்சதெல்லாம் மறந்துடுமே!" என்று கவலை. காலை நாலரை மணிக்கு அவனை எழுப்பி, தூக்கக் கலக்கத்திலேயே வாய்ப்பாடு சொல்லச் சொல்வேன். இரவு பத்தரைக்கும் விடமாட்டேன். சென்ற ஆண்டு ஓர் இரவு, ஒரே கணக்கை மூன்றாவது தடவையும் தப்பாகப் போட்டான் என்று நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து எறிந்தேன். முதுகில் ஓர் அடியும் வைத்தேன். அவன் அழவில்லை. தாளைப் பொறுக்கி மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டான். அழுதிருந்தால் எனக்கு அப்போதே புத்தி வந்திருக்குமோ என்னவோ.

மறுநாள் காலையிலிருந்து வயிற்று வலி ஆரம்பித்தது. ஓமத் தண்ணீர் கொடுத்தேன். பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளில் தடவினேன். வலி பரீட்சை மணி அடிக்கும்வரை இருந்து, மத்தியானம் போய்விடும். மறுநாள் காலை திரும்ப வரும். ஞாயிற்றுக்கிழமை பகலில் இல்லை. சாயங்காலம் புத்தகத்தைத் திறந்ததும் வந்தது. "நடிக்கிறான்" என்றுதான் நானும் சொன்னேன். அத்தைதான் கேட்கவில்லை. "பச்சப் புள்ள நாலு நாளா சோறு திங்கல. டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் பேசு" என்றார்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். சிறுநீர், இரத்தம் பார்க்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அவனையே கேட்டார்: "தம்பி, எப்பப்பா ரொம்ப வலிக்குது?"

அவன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அம்மா கேள்வி கேக்கறப்ப" என்றான்.

அந்த இடத்தில் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது எனக்கு.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "இது நடிப்பு இல்லம்மா. வலி நிஜம்தான். மூளைக்கும் குடலுக்கும் நரம்பு வழியா நெருங்கின தொடர்பு இருக்கு. பயந்தா குடலோட அசைவு மாறும். பெரியவங்க நமக்கே பயத்துல வயித்தக் கலக்கலையா?" என்றார். ஆனால் ஒன்றை அழுத்திச் சொன்னார்; அதை எல்லாத் தாய்மாரும் தெரிந்துகொள்ள வேண்டும். இராத்திரி தூக்கத்தைக் கலைக்கிற வலி, காய்ச்சல், விடாத வாந்தி, பேதி, மலத்தில் இரத்தம், உடம்பு இளைப்பு, வலது பக்க அடிவயிற்றில் நிலைத்து நிற்கும் வலி இவற்றில் எது இருந்தாலும், பரீட்சை பயம்தான் என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது. உடனே காட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அவன் பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் மடித்த காகிதம் ஒன்று. போன மாத டெஸ்ட் பேப்பர். ஐம்பதுக்குப் பதினேழு. பெற்றோர் கையெழுத்து இடத்தில், பென்சிலால் அப்பாவின் கையெழுத்து! பழகிப் பார்த்த அடையாளம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக இருந்தது. ஒன்பது தடவை எழுதிப் பார்த்திருக்கிறான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இவரிடம் காட்டினேன். இவர் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். பரீட்சை வாரத்தில் இவர் பங்கு என்பது, மார்க் வந்த பிறகு ஒரு சத்தம் போடுவதுதான். பேப்பரைப் பார்த்து முதலில் சிரித்தவர், அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. "நம்மகிட்ட உண்மையச் சொல்றதவிட பொய்க் கையெழுத்துப் போடறது இவனுக்குச் சுலபமா இருந்திருக்கு, பாரு" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. என் பழைய கதை ஞாபகம் வந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். கணக்கில் 38 மார்க். வீட்டில் விசேஷத்துக்குக் கூடியிருந்த உறவுக்காரர்கள் முன்னால் அப்பா அந்த மார்க்கைச் சொல்லி, "இவளுக்குப் படிச்சது போதும்" என்றார். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அந்த 38ஐத்தான், இத்தனை வருஷம் கழித்து, என் பிள்ளையின் நோட்டில் அழித்து எழுதப் பார்த்திருக்கிறேன்! பரீட்சை அவனுக்கு, எழுதியது நான்.

காலையில் அத்தையிடம் மனம் விட்டுச் சொன்னேன். அத்தை தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். 1954 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியில் இருந்தது அல்லவா? அந்தக் காலத்தில் தொடக்கப் பள்ளி முடிவில் 'செர்த்திபிகா' என்று ஒரு பரீட்சை. அதில் 'டிக்தே' என்கிற சொல்வதெழுதுதல்தான் பிள்ளைகளுக்கு எமன். ஐந்து பிழை விட்டால் பூஜ்யம்! அத்தையின் அப்பா முதல் தடவை தோற்றுப்போனாராம். வீட்டுக்கு வரப் பயந்து அரசலாற்றங்கரையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாராம். தேடிக்கொண்டு போன தாத்தா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாராம். "எங்கப்பா அடுத்த வருஷம் பாஸ் பண்ணாரு. ஆனா கடைசி வரைக்கும் பாஸானதப் பத்தி அவரு பேசினதில்ல, தோள்ல தூக்கிட்டு வந்ததத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு" என்றார் அத்தை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. என் தங்கை பக்கத்திலேயே நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறாள். நம் எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. 2019 செப்டம்பரில் அங்கே ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு என்று அறிவித்தார்கள். அப்போது அவள் பிள்ளை ஐந்தாவது. ஸ்பெஷல் டியூஷன், விடிகாலைப் படிப்பு என்று வீடே அல்லோலகல்லோலப்பட்டது. கடைசியில் 2020 பிப்ரவரி 4ஆம் தேதி அந்தத் தேர்வையே அரசாங்கம் ரத்து செய்துவிட்டது! அடுத்த மாதமே கொரோனா வந்து பள்ளிக்கூடமே மூடியது. பிள்ளைகள் எல்லாரும் பாஸ். இன்று அவன் மீசை அரும்பிய பையன். ஐந்தாம் வகுப்பு மார்க் என்ன என்று யாரும் அவனைக் கேட்பதில்லை. அந்த வருஷம் வாங்கிய திட்டுகள் மட்டும் அவனுக்கு மனப்பாடம்!

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனதைத் துன்புறுத்தவும் கூடாது என்கிறது அது. 2019ல் செய்த திருத்தத்தின்படி ஐந்தாம் வகுப்பில் தேர்வு வைத்தாலும், தேறாத பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக் கொடுத்து இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடியும்வரை பள்ளியை விட்டு அனுப்பவும் கூடாது. ஆக, சட்டமே இரண்டாவது தடவை கொடுக்கிறது. நாம் கொடுக்கிறோமா, சகோதரிகளே?

பிறகு நாங்கள் மாற்றியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் தூக்கம். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான். இதை டாக்டர் சொன்ன அன்றே நாலரை மணி அலாரத்தை நிறுத்திவிட்டேன். இப்போது எட்டரைக்கு விளக்கணைத்து ஆறரைக்கு எழுப்புகிறேன்.

அடுத்தது சாப்பாடு. பரீட்சையன்று காலை இரண்டு இட்லி, அல்லது நெய் விட்ட குழைந்த பொங்கல் கொஞ்சம். புதுப் பலகாரம், எண்ணெய்ப் பலகாரம் கிடையாது. சாப்பிடும்போது கேள்வியும் கிடையாது.

மூன்றாவது, பாடம். இதில்தான் எனக்குப் பெரிய மனக்குறை இருந்தது. நான் தமிழில் படித்தவள். எங்கள் பகுதி அரசுப் பள்ளிகளில் முன்பு தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். பிறகு சின்ன வகுப்புகளில் ஆரம்பித்து, 2024-25ல் எல்லா வகுப்புகளும் சி.பி.எஸ்.இ. ஆகிவிட்டன. இங்கிலீஷில் இருக்கிற பாடம் எனக்கே பாதி புரியாது. புரியாததை மறைக்கத்தான் அத்தனை சத்தம் போட்டேனோ! இப்போது அடுப்படியில் முக்காலியில் உட்கார வைத்து, "எனக்கு இது புரியல, நீ சொல்லிக் குடு" என்கிறேன். புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் சொல்கிறான். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துச் சொன்னால்தான் பாடம் நிற்கும். எங்கே தடுமாறுகிறானோ அந்த இடத்தை மட்டும் திறந்து பார்க்கிறான். வகுத்தலுக்கு நோட்டு வேண்டாம், "இருபத்திமூணு வாழைப்பழம், நாம அஞ்சு பேரு, ஆளுக்கு எத்தனை, மிச்சம் எத்தனை?" என்றால் போதும். மிச்சம் மூன்று பழமும் அவன் வாய்க்குள்!

நான்காவது, இவர் பங்கு. சத்தம் போடும் உத்தியோகத்தை விட்டுவிட்டார். பகல் ஷிஃப்டு வாரமானால் சாயங்காலம் அரை மணி பீச்சுக்கு அழைத்துப் போகிறார், பரீட்சை வாரத்திலும்தான். பேப்பரில் கையெழுத்துப் போடும்போது முதல் கேள்வி, "எது கஷ்டமா இருந்திச்சு?" என்பதுதான். மார்க் அப்புறம்.

ஐந்தாவது எனக்கு நானே போட்டுக்கொண்டது. தாய்மாரின் வாட்ஸ்ஆப் குழுவில் "உங்க பையன் எவ்வளவு?" என்று கேட்பதையும் பதில் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

வயிற்று வலி மந்திரம் போட்டாற்போல் போய்விடவில்லை. அடுத்த பரீட்சையில் முதல் நாள் காலை வந்தது. "வலிக்குதா? சரி, கொஞ்சம் படுத்துக்க" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். கால் மணியில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டான். இரண்டாம் நாள் வரவில்லை. கணக்கில் இன்னும் தொண்ணூறு வாங்குகிறவன் ஆகிவிடவில்லை. தவறு செய்தால் எனக்கு இன்னும் நாக்கு நுனி வரை வார்த்தை வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வரை ஓடி வந்தான். கையில் டெஸ்ட் பேப்பர். "அம்மா, முப்பத்தொண்ணு! நாலு கணக்கு தப்பு. இந்த ரெண்டு எப்படின்னு தெரிஞ்சிடுச்சு, இந்த ரெண்டும் தெரியல" என்றான்.

மடிக்காத பேப்பர்! ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினேன். "பசிக்குதா?" என்று கேட்டேன்.